ஜெயித்த டேப்

பொன்னரளி நிட்வேர் நிறுவனத்தின் வரவேற்பறையில், சாமி படம் மாட்ட வேண்டிய இடத்தில் ஓர் அணில் மாட்டியிருந்தது. நீல வால், வெள்ளைக் குடை, பக்கத்து வீட்டுக் கொய்யாவைக் கடித்துவிட்டு வந்த தோரணை. சட்டம் புதுசு. கண்ணாடி மேல் இன்னும் பஞ்சு கூடப் படியவில்லை.

"அக்கா, இவருதான் கம்பெனிய ஆரம்பிச்சவருங்களா?" என்று கேட்டான் டேனியல்.

சித்ரகலா அணிலையே பார்த்துக்கொண்டு கைப்பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து வாயில் போட்டாள். வாயில் கடலை மிட்டாய் இருந்தால் அக்காவின் மூளை ஓடுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் குறுக்கே பேசக் கூடாது என்பது டேனியலுக்குத் தெரியும். தெரிந்தும் பேசுவான்.

முன்பு சித்ரகலா ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன மில்களுக்குப் போய், தீ தானாகப் பிடித்ததா, பிடிக்க வைத்தார்களா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதே வேலையைத் தன் பெயரிலேயே செய்தால் என்ன என்று ராயபுரத்தில், ஒரு பட்டன் கடையின் மாடியில், துப்பறியும் அலுவலகம் திறந்தாள். அங்கே வந்து சேருவதற்கு முன் டேனியல் பனியன் கம்பெனிகளில் துணி செக்கிங் பார்த்தவன். ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் அறையின் மறுகோடியிலிருந்தே சொல்லிவிடுவான். கண்ணால் அவனுக்கு வேலை கிடைத்தது, வாயால் போனது.

அன்று அவர்களைக் கூப்பிட்டவள் விஜயகுமாரி, அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்பவள். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை.

"திருடின்னு யாரும் வாய்விட்டுச் சொல்லலீங்க. ஆனா கேன்டீன்ல நான் உக்காந்தா பெஞ்சு காலியாகுதுங்க."

கதை இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பொன்னரளியின் சர்வர் ஒரு மின்வெட்டில் படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டது. அதோடு எல்லா டிசைன்களும் போயின. டென்மார்க் பையர் ஒருவர் பழைய கரடி டிசைனில் குழந்தைச் சட்டை மறுபடி வேண்டும் என்று கேட்டார். நினைவில் இருந்ததை வைத்து வரைந்து அனுப்பினார்கள். நாய் நன்றாக இருக்கிறது, கரடி எங்கே என்று பதில் வந்தது. ஆர்டர் போயிற்று.

முதலாளி வேலுமணி அதற்குப் பிறகு விழித்துக்கொண்டார். சர்வரில் இருக்கும் எல்லாவற்றையும் காந்த நாடாவில், அதாவது டேப்பில், நகலாக எழுதி வைப்பது என்று முடிவானது. எந்த டேப் என்பதில்தான் வம்பு. செந்தில்வேல் என்ற கம்ப்யூட்டர் கடைக்காரர் டேட் என்ற வகையைச் சொன்னார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய, அடக்கமான காசெட். முகிலன் என்ற இன்னொருவர் எல்டிஓ என்றார். அது உள்ளங்கை நிறைய வரும் சதுரக் காசெட். வேலுமணி ஒரு போட்டி வைத்தார். தைப்பூசத்துக்கு முன்பு சர்வர் முழுவதையும் இரண்டிலும் எழுதி, ஒரு தகரப் பெட்டியில் போட்டு, வேலுமணி கையெழுத்துப் போட்ட தாளால் சீல் ஒட்டி, கட்டிங் பிரிவுக்குப் பக்கத்தில் இருந்த பீரோவில் வைத்தார்கள். ஏசி கிடையாது. வெயிலும் பஞ்சும் தாராளம். ஆடி மாதம் திறப்பது, உயிரோடு இருப்பதை வாங்குவது.

"திங்கக்கிழமை எல்லாரும் பாக்க பொட்டியோட சீலைப் பிரிச்சோமுங்க. செந்தில்வேல் சாரோட டேப்பு எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துச்சு. முகிலன் சார் டேப்பைப் படிக்கற டிரைவுல போட்டா, கொஞ்ச நேரம் உறுமிட்டு வெளிய துப்பிருச்சு. மூணு தடவை போட்டோம், மூணு தடவையும் துப்பல்தான். அவரு மனசு ஒடைஞ்சு போயி, பீரோ சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு பேக்கிங் செக்‌ஷனே கேக்கற மாதிரி கத்துனாரு. சாவி என்கிட்ட இருந்துச்சுங்க."

"முதலாளி என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் சித்ரகலா.

"ஒண்ணும் சொல்லலீங்க. ஒரு வாரம் லீவு எடுத்துக்கோ கண்ணுன்னாரு. அதுதான் எனக்கு ஆத்த முடியலீங்க. நான் போறேன், ஆனா வெளியாளு வந்து பாத்துச் சொல்லட்டும்னு எல்லாரும் இருக்கறப்பவே கேட்டேன். அவரால மாட்டேன்னு சொல்ல முடியல."

சித்ரகலா தோற்றுப்போன எல்டிஓ டேப்பைக் கேட்டு வாங்கி, மேலே ஒட்டியிருந்த லேபிளைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"வாசல்ல ஒரு அணிலு இருக்குதே, அது யாருங்க?"

"டேட் டேப்புல இருந்து வந்த டிசைனுங்க. ஜெயிச்ச சந்தோசத்துல எம்டி பிரிண்ட் போட்டு மாட்டிட்டாரு."

"அதை வரைஞ்சவங்களைப் பாக்கோணும்."

டேனியல் பெருமூச்சு விட்டான். "டேப்பு செத்துப்போச்சுன்னு கூப்பிட்டா, அணிலை விசாரிக்கப் போறோம். நல்ல கேஸ்தானுங்க."

அணிலை வரைந்தவள் வினிதா. வண்ணத் துணித் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அணில் என்றதும் முகத்தைச் சுளித்தாள்.

"அது பேரையே எடுக்காதீங்க. நான் வரைஞ்சப்ப வாலு மஞ்சளுங்க. மே மாசம் பையர் மெயில் போட்டாங்க, மஞ்ச வாலு பழுத்த வாழைப்பழம் மாதிரி இருக்குது, நீலமா மாத்துங்கன்னு. திருப்பூர் வெயில்ல உக்காந்து ரெண்டு நாள் வாலுக்கு நீலம் அடிச்சனுங்க."

சித்ரகலா மிட்டாய் மெல்லுவதை நிறுத்தினாள்.

"மே மாசமா?"

"ஆமாங்க. பத்தாம் கிளாஸ் ரிசல்ட்டுக்கு எங்க பக்கத்து ஊட்டுல பட்டாசு வெடிச்ச அன்னிக்கு."

வெளியே வந்ததும் டேனியல் இரண்டு முறை விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். பிறகு நின்றுவிட்டான்.

"அக்கா. ஜனவரியில பொட்டிக்குள்ள போன அணிலு, மே மாசத்து வாலை மாட்டிட்டு வெளிய வந்துருக்குது."

"நாலு நாளா அத்தனை பேரும் தோத்த டேப்பையே பாத்துட்டு இருக்கறாங்க. ஜெயிச்ச டேப்பை ஒருத்தரும் பாக்கல," என்றாள் சித்ரகலா. "அது பழைய டேப்பே இல்ல. மே மாசத்துக்கு அப்புறம் புதுசா எழுதினது."

விஜயகுமாரியிடம் திரும்பிப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: டேட் டேப்பில் எழுத என்ன தெரிந்திருக்க வேண்டும்?

"ஒண்ணுமே தெரிய வேண்டாமுங்க. செந்தில்வேல் சாரு டிரைவை இங்கதான் ட்ரையலுக்கு வச்சிருக்காரு. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா, அதுல எந்த டேப்பு இருந்தாலும் சர்வரை அப்படியே எழுதற மாதிரி செட் பண்ணியிருக்கேன். டேப்பை உள்ள தள்ளத் தெரிஞ்சா போதும்."

"அப்படின்னா பாட்டு காசெட் போடத் தெரிஞ்சவன் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவன்," என்றான் டேனியல். "ஆனா எனக்கு ஒரே ஒரு மூஞ்சிதான் தெரியுது. செந்தில்வேலு."

செந்தில்வேலின் கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். கையும் களவுமாகப் பிடிக்கும் ஆவலோடு டேனியல் படியேறினான். உள்ளே இருந்த மனிதரைப் பார்த்ததும் அவனுக்கு வேகம் குறைந்தது. போட்டியில் ஜெயித்தவர் போல இல்லை. இழவு வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தவர் போல, நாற்காலியில் சரிந்து கிடந்தார் செந்தில்வேல்.

"வாழ்த்துக்களுங்க," என்றாள் சித்ரகலா.

"என்னத்த வாழ்த்துங்க போங்க." அவர் ஒரு தட்டை நகர்த்தினார். "எடுத்துக்குங்க, அதிரசம். சம்பந்தி ஊட்டுல இருந்து வந்தது."

டேனியல் ஒன்றை எடுத்தான். பிறகு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இன்னொன்றை எடுத்தான்.

"அந்தப் பொட்டி பக்கம் நீங்க எப்பவாச்சும் போனீங்களா?"

"தை மாசம் டேப்பைக் குடுத்ததோட சரிங்க. திங்கக்கிழமைதான் மறுபடி பாத்தேன்." அவர் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "ஏனுங்கம்மணி, நீங்க விசாரிக்கறதுல இந்த ஆர்டரு நின்னு போறதுக்கு வழி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

டேனியலுக்கு அதிரசம் தொண்டையில் நின்றது. சித்ரகலா மட்டும் சாதாரணமாகக் கேட்டாள்:

"அதிரசம் பதமா இருக்குது. எந்த ஊரு சம்பந்திங்க?"

"உள்ளூருதானுங்க. நம்ம வேலுமணி. சித்திரையில போயி பையனுக்குப் பொண்ணு கேட்டோம், ஆடி போனதும் ஆவணியில கல்யாணம்."

திரும்பும் வழியில் ஸ்கூட்டியின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த டேனியல் வெகு நேரம் பேசவில்லை. அது அவனுக்கே பயமாக இருந்தது.

"குத்தவாளின்னு போனேன். அவரு ஆர்டரை ஒழிச்சுக் குடுங்கன்னு கேக்கறாரு. அதிரசம் வேற போட்டு அனுப்புறாரு. எனக்கு ஒண்ணும் புரியலீங்கக்கா."

"சித்திரைன்னு சொன்னாரு பாரு, அங்கதான் இருக்குது," என்றாள் அவள். வண்டியைப் பொன்னரளியின் வாசலிலேயே நிறுத்தினாள்.

வேலுமணி கனத்த உடம்புக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சித்ரகலாவைப் பார்த்ததும் அவருடைய கை தானாக மேஜை மணியை அழுத்தி மூன்று டீ சொன்னது. டீ வருவதற்குள் அவள் கைப்பையிலிருந்து தோற்ற டேப்பை எடுத்து மேஜையில் வைத்தாள். லேபிளின் ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தாள். அடியில் இன்னொரு லேபிள் இருந்தது. அது தயாரித்த கம்பெனியிலேயே ஒட்டி வந்தது. டிரைவுக்குள் டேப்பைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் கிளீனிங் காசெட் என்று அச்சிட்டிருந்தது.

டேனியல் அதைத் தூக்கிப் பார்த்தான். "மூணு தடவை உள்ள போட்டிருக்கறீங்க. மூணு தடவையும் பாவம் உறுமி உறுமித் தொடச்சுட்டு வந்துருக்குது. தொடப்பத்துக்கிட்டப் போயி டிசைன் கேட்டா அது என்னங்க பண்ணும்?"

வேலுமணியின் முகத்தில் உண்மையான திகைப்பு. "காலி டேப்புன்னு நினைச்சனுங்க," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

டேனியல் காசெட்டை மேஜையில் திரும்ப வைத்தான்.

"சீலு ஒடையலைன்னு திங்கக்கிழமை எல்லாரும் பாத்தாங்க," என்றாள் சித்ரகலா. "ஆனா உள்ள ரெண்டு டேப்பும் மாறியிருக்குது. அப்படின்னா பழைய சீலு போயி புதுச் சீலு வந்துருக்கோணும். சீல்ல இருந்தது உங்க கையெழுத்து மட்டும்தான். அதை உங்களைவிட நல்லா யாருங்கண்ணா போடுவாங்க? எந்த பீரோவுக்கும் ரெண்டாவது சாவி முதலாளி ஊட்டுலதான் இருக்கும்."

வேலுமணி துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"போட்டி வச்சது தைப்பூசத்துக்கு முந்தி. அவங்க பொண்ணு கேட்டு வந்தது சித்திரையில. நான் என்னங்கம்மணி பண்ணுவேன்? நாளைக்கு எல்லாரும் பாக்க சம்பந்தி டேப்பு பல்லை இளிச்சுதுன்னா, என்ற பொண்ணு அந்த ஊட்டுல எப்படி நடமாடுவா? சம்பந்திகிட்ட வாங்காத மனுசன்னு ஊரு சொல்லாதா? அதான் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து ரெண்டையும் எடுத்துட்டேன். முந்தின நாள் எழுதி வச்சிருந்த புது டேட் டேப்பை உள்ள போட்டேன். அந்தப் பெரிய டேப்புக்கு, முகிலன் டிரைவு வந்த டப்பாவுக்குள்ளயே ஒண்ணு புதுசா கெடந்துச்சு, அதுல பழைய லேபிளை ஒட்டிட்டேன்."

"விஜயகுமாரி?"

அவர் மேஜையைப் பார்த்தார். "அந்தப் புள்ள மேல பழி வரும்னு நினைக்கலீங்க. வந்தப்ப வாயத் தொறந்திருக்கோணும். தொறக்கல."

"பழைய டேப்பு ரெண்டும் எங்க?"

"கார் டிக்கியில."

டேனியல் கண்களை மூடிக்கொண்டான். "மே மாசத்துல இருந்தா?"

"தாராபுரம் போனேன், குண்டடம் போனேன், எங்கயாச்சும் கெணத்துல போட்டுறலாம்னுதான். மனசு வரலீங்க. உள்ள நம்ம டிசைனெல்லாம் இருக்குதே."

நூல் கோன்களுக்கும் ஸ்டெப்னிக்கும் நடுவிலிருந்து இரண்டு டேப்புகளையும் டேனியல் பொறுக்கி எடுத்தான். முகிலனுக்குப் போன் போனது, வினிதாவையும் கூப்பிட்டார்கள். அவர் வந்ததும் விஜயகுமாரி இரண்டு டிரைவுகளையும் இயக்கினாள். அவளும் முகிலனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

லேபிள் இல்லாத எல்டிஓ டேப் உள்ளே போனது. உறுமல் இல்லை, துப்பல் இல்லை. ஒரே சீரான ரீங்காரம். சற்று நேரத்தில் திரையில் கோப்புகள் வரிசையாக விழ ஆரம்பித்தன. வினிதா ஒன்றைத் திறந்தாள். குடை பிடித்த அணில், பழுத்த வாழைப்பழம் போன்ற மஞ்சள் வாலோடு அனைவரையும் பார்த்தது.

"இதுதான் ஒரிஜினலு," என்றாள் வினிதா. "பாவி, இதுவே நல்லாத்தான் இருந்திருக்குது."

டேட் டேப் பாதி வரை ஓடியது. பிறகு டிரைவுக்குள் நறநறவென்று ஒரு சத்தம். வெளியே இழுத்தபோது நாடா இடியாப்பமாய் வந்தது. முகிலன் குனிந்து பார்த்தார். எதிராளியின் சரக்கு சந்தி சிரிக்கிறது, ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"இதுல ஹெட்டு சுத்திட்டே இருக்குமுங்க, நாடா அதைச் சுத்தி வளைஞ்சு போகும். ஒரு பஞ்சு இழை சிக்குனாலும் வம்புதான். ஏசி ரூம்ல வச்சிருந்தா இது நல்லாப் படிச்சிருக்கலாம். நாம வச்ச எடம் அப்படி."

"உங்களுது எத்தனை வருசம் வருமுங்க?" என்று கேட்டார் வேலுமணி. குரலில் முதலாளித்தனம் கொஞ்சமும் இல்லை.

"டேப்பு இருவது, முப்பது வருசம் தாங்கும்னு சொல்றாங்க. அது பெருசில்லீங்க. அன்னிக்கு அதைப் படிக்கற மெஷினு இருக்கோணும். இதைப் பல கம்பெனிங்க செய்யறாங்க, ஒருத்தர் கடைய மூடுனாலும் இன்னொருத்தர் இருப்பாங்க. புது டிரைவு வந்தா ரெண்டு தலைமுறை பின்னாடி வரைக்கும் படிக்கும். அதுக்குள்ள புது டேப்புக்கு மாத்தி எழுதிக்கோணும்."

"அதாவது பேரன் தாத்தாவைப் படிப்பான், கொள்ளுத்தாத்தாவைப் படிக்க மாட்டான்," என்றான் டேனியல்.

"அதேதானுங்க."

வேலுமணி நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "இனி சம்பந்திக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

சித்ரகலா மேஜைப் போனை அவர் பக்கம் தள்ளி, ஸ்பீக்கரை அழுத்தினாள். "நீங்க சொல்லுங்க, அவரு என்ன சொல்றாருன்னு கேப்போம். எனக்கென்னமோ அங்கயும் ஒருத்தரு தூங்காம கெடக்கற மாதிரி தோணுச்சு."

மணி ஒருமுறை அடித்ததுமே செந்தில்வேல் எடுத்தார். வேலுமணி சுற்றி வளைத்து, வெயிலைப் பற்றி, ஆடிக் காற்றைப் பற்றி, மாப்பிள்ளையின் உடம்பைப் பற்றியெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் டேப் விஷயத்துக்கு வந்தார். ஒன்றையும் மறைக்கவில்லை.

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

"சம்பந்தி," என்றார் செந்தில்வேல், "அப்ப என்கிட்ட வாங்கலீங்களா?"

"இல்லீங்க. மன்னிச்சுக்கோணும்."

"நெசமாத்தானுங்களா?"

"நெசமாத்தானுங்க."

"சாமி காப்பாத்துனான்." குரலில் பத்து வயசு குறைந்திருந்தது. "திங்கக்கிழமையில இருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க. கடைச் சரக்குன்னா இன்னிக்கு ஓடும், நாளைக்கு நிக்கும். உங்க கம்பெனியில அது நின்னு போச்சுன்னா, கல்யாணத்துக்கு வந்த சனமெல்லாம் என்னையல்ல புடிச்சு உலுக்கும்? வேண்டாம்னு சொன்னா சம்பந்தி கோவிச்சுக்குவீங்களேன்னு வாயைக் கட்டிட்டு உக்காந்திருந்தேன். சொந்தத்துல வியாபாரம் பண்ணவே எனக்குப் பயமுங்க."

வேலுமணி போனைப் பார்த்தார். புதுச் சீல், பீரோ, கார் டிக்கி, எல்லாமே ஒருவர் மனசை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்பதற்காக. டேனியல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

சிரிக்காமல் இருந்தவள் விஜயகுமாரி ஒருத்திதான்.

"எம்டி சார்," என்றாள். "உங்க ரெண்டு பேரு மரியாதையும் காப்பாத்தியாச்சுங்க. என்னோடது பேக்கிங் செக்‌ஷன்ல கெடக்குது."

முகிலன்தான் முதலில் எழுந்தார். "சாவி யாருகிட்டன்னு கத்துனது நான். அங்கயே வந்து சொல்றேனுங்க."

வேலுமணி டீ இடைவேளைக்கு அறிவிக்கும் மைக்கைக் கையில் எடுத்தார். பேக்கிங் பிரிவில் பாலிதீன் உறைகளின் சரசரப்பு நின்றது. தமிழ் தெரியாத வடநாட்டுப் பையன்களும் தலை நிமிர்ந்தார்கள்.

"பொட்டியப் பிரிச்சது நான். டேப்பை மாத்துனது நான். விஜயகுமாரிக்கு அது தெரியவே தெரியாது. அந்தப் புள்ள மேல பேச்சு வந்தப்ப நான் சும்மா நின்னேன். அது நான் பண்ணுன பெரிய தப்பு." முகிலன் மைக்கை வாங்கித் தன் பங்கைச் சொன்னார்.

விஜயகுமாரி கைகளைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டாள். தலையை அசைக்கவில்லை. பிறகு முதலாளியின் பக்கம் திரும்பி, அலுவலகக் குரலில் ஆரம்பித்தாள்.

"இனி எதை எழுதுனாலும் ரெண்டு எல்டிஓ டேப்பு எழுதோணுமுங்க. ஒண்ணு இங்க இருக்கும். இங்க தீப்புடிச்சாலும் தப்பிக்கற மாதிரி இன்னொண்ணு வேற எடத்துல இருக்கோணும். ஏசி இருக்கற எடமா, நீங்க நம்பற எடமா, நீங்க நெனச்ச நேரத்துக்குப் போயி மாத்த முடியாத எடமா இருந்தா நல்லது."

"அப்படி ஒரு எடம் எங்கம்மணி இருக்குது?"

"உங்க சம்பந்தியோட கடை ஏசிதானுங்க. சாவியும் அவருகிட்டயே இருக்கட்டும். வருசம் ஒருதரம் நான் போயி படிச்சுப் பாத்துட்டு வருவேன்."

வேலுமணி ஒரு கணம் யோசித்தார். பிறகு அந்த வாரத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. சம்பந்தி வீட்டை நம்பிக் கம்பெனியையே ஒப்படைக்கிறார் என்று ஊர் பேசும். இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

"ஆவணியில பொண்ணோடயே அனுப்பி வச்சிரலாமுங்களா?" என்று கேட்டார்.

"சீர்த் தட்டுல, வெத்தலை பாக்குக்குப் பக்கத்துல வைங்க," என்றான் டேனியல். "மஞ்சக் குங்குமம் மட்டும் டேப்பு மேல வேண்டாம். அதுக்குத் தூசி ஆகாது."

அப்போதுதான் விஜயகுமாரி சிரித்தாள்.